குமிழ், பெடல், ஸ்டெப்பர் மோட்டர்: வேகத்தை யார் தீர்மானிப்பது?

தம்பி, வாசிக்கிற மற்றவர்களுக்கும் விளங்கட்டும் என்று உம்முடைய கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். மாமாவின் வைண்டிங் கடையில் எரிந்த வாட்டர் பம்ப் மோட்டர்களுக்குக் கொயில் சுற்ற ஒரு சின்ன மெசின் செய்திருக்கிறீர். ஒரு பல்ஸுக்கு ஒரு சின்னப் படியாகத் திரும்புகிற நேமா 17 ஸ்டெப்பர் மோட்டர், அதற்குக் கரண்ட் கொடுக்கிற ஏ4988 டிரைவர், புரோகிராம் ஓடுகிற ஆர்டுயினோ ஊனோ போர்ட், 12 வோல்ட் சப்ளை. வேகத்துக்குக் குமிழாகத் திருக ஒரு 10கே வொலியூம். ஓட்டவும் நிறுத்தவும் கால் பெடல், திசைக்கு ஒரு சுவிட்ச். மெதுவாகச் சுற்றும்வரை குறை இல்லை. குமிழைக் கூட்டினால் ஒரு கட்டத்தில் உறுமிவிட்டு நின்றுவிடுகிறது. சுற்றுக் கணக்கைக் காட்ட எல்சிடி பூட்டிய நாளிலிருந்து விக்கி விக்கி ஓடுகிறது. குமிழில் கை வைக்காமலே வேகம் ஆடுகிறது. ஒருநாள் பெடலை மிதிக்காமலே தானாக ஓடத் தொடங்கிவிட்டது. ஆகவே அனலாக்கை, அதாவது குமிழை, கழற்றி எறிந்துவிட்டு எல்லாவற்றையும் டிஜிட்டல் ஆக்கிவிடலாமா என்று கேட்கிறீர்.

கழற்ற வேண்டாம். கொயில் சுற்றுகிறவருக்குக் குமிழைப்போல வசதியான சாமான் வேறில்லை. கண் கம்பியில் இருக்கும்போது கை தானாகவே வேகத்தைக் கூட்டிக் குறைக்கும். பட்டனை நாலு தரம் அமத்தி வேகம் கூட்டுவது அந்த வேலைக்குச் சரிவராது. உம்முடைய மெசினில் குமிழ் சொல்வது இடையில் யாரையும் கேட்காமல் நேரே மோட்டருக்குப் போகிறது, அதுதான் சிக்கல். குமிழ் ஒரு விருப்பத்தை மட்டும் சொல்லட்டும். அந்த விருப்பத்தை எவ்வளவு நேரத்தில் நிறைவேற்றுவது என்பதை இன்னொரு பகுதி பார்க்கட்டும். பல்ஸ் அடிக்கிற வேலையை மூன்றாவதாக ஒரு பகுதி, வேறு எதற்கும் காது கொடுக்காமல், செய்துகொண்டிருக்கட்டும். நீர் எழுதிய நாலு குறையில் முதல் இரண்டும் இந்த மூன்றும் ஒன்றாகக் குழம்பியதால் வந்தவைதான். வேகம் ஆடுவதும் மெசின் தானாக ஓடியதும் பெரும்பாலும் வயரிங் விசயம்.

உம்முடைய புரோகிராம் எப்படி இருக்கும் என்று பார்க்காமலே சொல்லலாம், ஏனென்றால் நானும் அப்படித்தான் எழுதினேன். குமிழை வாசிக்கிறது, 0 முதல் 1023 வரை வருகிற எண்ணை ஒரு தாமதமாக மாற்றுகிறது, ஒரு பல்ஸ் கொடுக்கிறது, அவ்வளவு நேரம் காத்திருக்கிறது, திரும்ப முதலில் இருந்து. இதிலே முதல் பிழை கணக்கிலேயே இருக்கிறது. தாமதமும் வேகமும் தலைகீழ் உறவு. ஒரு ஸ்டெப் 1.8 பாகை, 200 ஸ்டெப் ஒரு சுற்று. 5000 மைக்ரோசெகண்டுக்கு ஒரு ஸ்டெப் என்றால் நிமிடத்துக்கு 60 சுற்று, 500 மைக்ரோசெகண்டுக்கு ஒன்று என்றால் 600 சுற்று. குமிழை நடுவில் வைத்தால் 330 வரும் என்றுதானே நினைப்பீர்? நடுவில் தாமதம் 2750, வேகம் வெறும் 109 சுற்று. பாதிக் குமிழ் திருகியும் ஒன்றும் நடக்கவில்லை என்று இன்னும் கொஞ்சம் திருகுவீர். கடைசிக் கால்வாசியில் வேகம் ஒரேயடியாகப் பாயும், மோட்டர் உறுமி நிற்கும். குமிழின் எண்ணை முதலில் வேகமாக, அதாவது செகண்டுக்கு இத்தனை ஸ்டெப் என்று மாற்றும். பிறகு பத்து லட்சத்தை அந்த எண்ணால் பிரித்துத் தாமதத்தை எடும். ஒரு வரி வித்தியாசம்தான், குமிழின் குணமே மாறிவிடும். வொலியூம் வாங்கும்போது முதுகில் பி10கே என்று இருக்கிறதா என்றும் பாரும். ஏ என்று தொடங்கினால் அது ரேடியோச் சத்தத்துக்கானது, நேர்விகிதத்தில் கூடாது.

இனி விக்கல். ஊனோவில் ஒருதரம் அனலாக் வாசிக்க ஏறத்தாழ 110 மைக்ரோசெகண்ட் போகிறது. நிமிடத்துக்கு 300 சுற்று வேண்டும், டிரைவரை ஒரு ஸ்டெப்பை நாலாகப் பிரிக்கிற கால் ஸ்டெப்பில் வைத்திருக்கிறீர் என்று வைப்போம். ஒரு சுற்றுக்கு 800 பல்ஸ், செகண்டுக்கு 5 சுற்று, ஆகவே செகண்டுக்கு 4000 பல்ஸ். ஒவ்வொரு 250 மைக்ரோசெகண்டுக்கும் ஒன்று கட்டாயம் போக வேண்டும். இடையில் குமிழை வாசித்தாலே பாதி நேரம் போய்விடும். எல்சிடியோ அதைவிட மோசம். ஐ2சி இணைப்பில் ஒரு எழுத்து எழுதவே கிட்டத்தட்ட ஒரு மில்லிசெகண்ட் எடுக்கும். ஒரு வரி எழுதி முடிக்கிற நேரத்தில் அறுபது பல்ஸ் தவறியிருக்கும். மோட்டர் விக்காமல் என்ன செய்யும்?

ஆயத்த லைப்ரரியே போதும் என்றால் அக்செல்ஸ்டெப்பர் இருக்கிறது, ஏற்ற இறக்கத்தையும் அதுவே பார்த்துக்கொள்ளும். ஆனால் 16 மெகாஹேர்ட்ஸ் ஊனோவில் அதன் உச்சவரம்பே செகண்டுக்கு 4000 ஸ்டெப் அளவுதான். அதுவும் லூப்பில், அதாவது புரோகிராமின் திரும்பத் திரும்ப ஓடுகிற பகுதியில், வேறு எதுவும் நேரம் எடுக்காமல் இருந்தால். எல்சிடியோடு அது சரிவராது. உமக்கு நான் சொல்வது டைமர் 1 இன்ரரப்ட், அதாவது ஊனோவின் டைமர் நேரம் வந்ததும் லூப்பை இடைமறித்து ஓட வைக்கிற சின்னத் துண்டு. 8ஆல் பிரித்து விட்டால் அந்த 16 பிட் டைமர் அரை மைக்ரோசெகண்டுக்கு ஒருதரம் எண்ணும். 250 மைக்ரோசெகண்டுக்கு 500 எண்ணிக்கை. மெதுவாக, செகண்டுக்கு 40 பல்ஸ் வேண்டுமென்றாலும் 50,000 தான், 65,535க்குள் அடங்கும். டைமர் ஒப்பிடுகிற எண்ணை எட்டியதும் இன்ரரப்ட் வரும், அதற்குள் ஸ்டெப் பின்னை உயர்த்தி இறக்கும், வெளியே வாரும். ஏ4988க்குப் பல்ஸ் ஒரு மைக்ரோசெகண்ட் உயர்ந்திருந்தால் போதும். டிஆர்வி8825 என்றால் கிட்டத்தட்ட இரண்டு வேண்டும்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. நான் இரண்டு இரவு முழித்துக் கண்டுபிடித்தது. வேகம் மாறும்போது ஒப்பிடுகிற எண்ணை லூப்பிலிருந்து நேரடியாக மாற்றினேன். குமிழைக் கூட்டும்போது எப்போதாவது ஒருதரம் மோட்டர் 'டக்' என்று ஒரு கணம் நின்றுவிட்டு ஓடும். பத்து தரம் திருகினால் ஒருதரம் வரும், பார்க்க ஆள் கூப்பிட்டால் வராது. காரணம் இதுதான்: டைமர் 600ஐத் தாண்டிப் போய்க்கொண்டிருக்கும்போது நான் இலக்கை 500 ஆக்கிவிடுகிறேன். அது 500ஐ ஏற்கெனவே தாண்டிவிட்டதே, இனி 65,535 வரை போய்ச் சுழியத்துக்கு வந்து திரும்ப எண்ண வேண்டும். 32 மில்லிசெகண்ட் வெறுமை. புதிய எண்ணை ஒரு மாறியில் வைத்து, இன்ரரப்டுக்குள்ளேயே, பல்ஸ் அடித்த கையோடு டைமருக்குக் கொடும், வராது. அந்த மாறி 16 பிட், ஊனோவின் சில்லு 8 பிட். லூப்பில் அதை எழுதுகிற அந்தக் கணம் மட்டும் இன்ரரப்டை நிறுத்திவிட்டு எழுதும். இல்லாவிட்டால் பாதி பழையது பாதி புதியதாக ஒரு எண் போகும்.

சரி, பல்ஸ் ஒழுங்காகப் போகிறது. ஆனாலும் பெடலை மிதித்தவுடன் 4000 பல்ஸ் அடித்தால் மோட்டர் ஓடாது, இருந்த இடத்தில் நின்று அலறும். துலா மிதித்து இறைத்த காலத்தைப் பற்றி அப்பு சொல்லக் கேட்டிருப்பீர். மேலே துலாவில் நடக்கிறவரும் கீழே பட்டையைப் பிடிக்கிறவரும் ஒரே தாளத்தில் போனால்தான் தண்ணீர் வரும். மேலே உள்ளவர் திடீரென்று ஓடினால் கீழே உள்ளவரின் கை கயிற்றைத் தவறவிடும். டிரைவர் மேலே நடக்கிறவர், ரோட்டர் கீழே நிற்கிறவர். ரோட்டருக்குப் பாரம் உண்டு, அதிலே பூட்டிய, கம்பி சுற்றுகிற மரக்கட்டை ஃபோர்மருக்கு இன்னும் பாரம். அதைச் சுழியத்திலிருந்து இழுத்துவர நேரம் கொடுக்க வேண்டும்.

அதற்குத்தான் நடுவில் உள்ள பகுதி. 5 மில்லிசெகண்டுக்கு ஒருதரம் இரண்டு எண்களைப் பார்க்கும்: இப்போதைய வேகம், குமிழ் கேட்கிற வேகம். இப்போதையது குறைவென்றால் 10 கூட்டும், அதிகமென்றால் 10 கழிக்கும். வேறொன்றும் இல்லை. செகண்டுக்கு 2000 வீதம் வேகம் கூடும், 4000ஐ எட்ட இரண்டு செகண்ட். குமிழை ஒரே திருகாகத் திருகினாலும், பெடலை ஓங்கி மிதித்தாலும் மோட்டர் தன் பாட்டில் ஏறும். பெடலை விட்டால் விருப்ப வேகம் சுழியம், அதே சரிவில் இறங்கி நிற்கும். திசைச் சுவிட்சும் இதே வழியில்தான் போக வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும்போது சுவிட்சைத் தட்டினால் முதலில் சுழியத்துக்கு இறங்கி, டிரைவருக்குத் திசை சொல்கிற டிர் பின்னை மாற்றி, பிறகு ஏற வேண்டும். ஓட்டத்தில் நேரே மாற்றினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். முதல் மெசினில் முக்கால்வாசி சுற்றி முடித்த கொயிலில் கை தவறிச் சுவிட்ச் பட்டது. மெல்லிய கம்பி 'டிங்' என்று அறுந்து, அறுந்த நுனி சுற்றுகளுக்குள் எங்கே போனது என்றே தெரியவில்லை. முழுக் கொயிலையும் வெட்டி எடுத்தேன். அன்றைக்குச் செப்புக் கம்பி விலை எனக்கு மனப்பாடமாகிவிட்டது.

குமிழைத் தொடாமலே வேகம் ஆடுவதற்கு வருவோம். 5 வோல்ட்டை 1024 ஆகப் பிரித்தால் ஒரு படி 5 மில்லிவோல்ட்டுக்கும் குறைவு. மோட்டர் டிரைவர் பக்கத்தில் இருந்தால் அதைவிட அதிக இரைச்சல் வயரில் சாதாரணமாகவே ஓடும். வொலியூமின் நடுக்காலில் இருந்து கிரவுண்டுக்கு ஒரு 0.1 மைக்ரோஃபரட் கொண்டென்சர் போடும், ஆர்டுயினோவின் காலுக்குக் கிட்ட. புரோகிராமில், புதிய வாசிப்புக்கும் பழைய மதிப்புக்கும் உள்ள வித்தியாசத்தில் எட்டில் ஒன்றை மட்டும் பழையதோடு கூட்டிக்கொண்டு வாரும். இரைச்சல் மழுங்கிவிடும், கைக்குத் தாமதம் தெரியாது. அதன்பிறகும் நாலைந்து எண்ணுக்குக் குறைந்த மாற்றத்தைக் கணக்கிலேயே எடுக்க வேண்டாம். வொலியூமின் கிரவுண்ட் வயரை டிரைவரின் மோட்டர் கிரவுண்டில் போய்க் கட்டாமல் ஆர்டுயினோவின் கிரவுண்ட் காலிலேயே கட்டும். பாதிப் பேருக்கு இந்த ஒரு வயரை மாற்றியவுடன் ஆட்டம் நின்றுவிடும்.

இன்னொன்று, இதைப் பெரும்பாலும் யாரும் சொல்வதில்லை. வொலியூமின் கிரவுண்ட் வயர் அறுந்தால் என்ன நடக்கும்? நடுக்கால் 5 வோல்ட்டுக்கு ஏறும், மெசின் உச்ச வேகத்துக்குப் பாயும். கம்பியில் கை வைத்துக்கொண்டிருக்கிறவருக்கு அது விளையாட்டில்லை. வொலியூமின் இரு நுனிக்கும் 470 ஓம் ஒவ்வொன்று தொடராகப் போடும். அப்போது குமிழ் எந்தப் பக்கம் முட்டினாலும் வாசிப்பு ஏறத்தாழ 44க்கும் 979க்கும் இடையில்தான் இருக்கும். நடுக்காலில் இருந்து கிரவுண்டுக்கு ஒரு 1 மெகாஓம் தடை. இனி 20க்குக் கீழே அல்லது 1000க்கு மேலே ஒரு எண் வந்தால் அது குமிழ் சொன்னதில்லை, வயர் அறுந்திருக்கிறது. மோட்டரை இறக்கி நிறுத்தி எல்சிடியில் எழுதிவிடும். ஃபேக்டரிகளில் 4 முதல் 20 மில்லிஅம்பியர் சிக்னல் வைத்திருப்பதும் இதே யோசனைதான். குறைந்த அளவே 4 என்பதால் சுழியம் வந்தால் வயர் போய்விட்டது என்று தெரியும். அப்படி ஒரு சிக்னல் எப்போதாவது கிடைத்தால் 250 ஓம் தடைக்குக் குறுக்கே எடும், 1 முதல் 5 வோல்ட் வரும், நேரே ஆர்டுயினோவுக்குக் கொடுக்கலாம்.

பெடல். உம்முடைய மெசின் தானாக ஓடியபோது பக்கத்தில் ஏதாவது பெரிய மோட்டரோ கம்பிரசரோ ஓடத் தொடங்கியதா என்று மாமாவைக் கேட்டுப் பாரும். வைண்டிங் கடையில் பழுது பார்த்த பம்பை ஓட்டிப் பார்ப்பது எப்போதும் நடக்கிற வேலை. ஆர்டுயினோவின் உள் புல்அப், அதாவது காலை 5 வோல்ட்டுக்கு இழுத்துப் பிடிக்கிற தடை, 20 முதல் 50 கிலோஓம் வரை இருக்கும், ஒன்றரை மீட்டர் பெடல் வயருக்கு அது மிகப் பலவீனம். அந்த வயர் அன்டெனாதான். வெளியே ஒரு 1கே புல்அப் போடும், காலுக்கு 0.1 மைக்ரோஃபரட், வயரை முறுக்கி விடும், மோட்டர் வயரோடு சேர்த்துக் கட்ட வேண்டாம். இன்னும் தொந்தரவென்றால், சிக்னலை வெளிச்சத்தால் கடத்திப் பெடல் வயரைப் பிரித்து வைக்கிற பிசி817 ஒப்டோகப்ளர் ஒன்று. புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் இந்தச் சில்லறைச் சாமானெல்லாம் சொற்பக் காசுக்கு எடுக்கலாம். அடுத்த முறை யாராவது கொழும்புக்குப் போனால் பத்தாகவே சொல்லிவிடும். புரோகிராமில், பெடல் 20 மில்லிசெகண்ட் தொடர்ந்து ஒரே நிலையில் இருந்தால் மட்டும் நம்பும். சுவிட்சின் தகடு மூடும்போது சில மில்லிசெகண்ட் துள்ளும், அதை ஒவ்வொன்றாக எண்ணக் கூடாது.

பெடலை விட்டவுடன் டிரைவரின் எனேபிள் பின்னைக் கொண்டு மோட்டரைத் தளர்த்திவிடுகிறவர்களும் உண்டு, சூடு குறையும் என்று. கொயில் மெசினில் அது கூடாது. நிற்கும்போதும் பிடித்துக்கொண்டிருப்பதுதானே ஸ்டெப்பரின் பலம். தளர்த்தினால் இழுவையில் இருக்கும் கம்பி ஃபோர்மரைப் பின்னுக்குத் திருப்பி ஒரு சுற்றை அவிழ்த்துவிடும். வேலை முடிந்து கொயிலைக் கழற்றும்போது தளர்த்த ஒரு தனிப் பட்டன் போதும். ஆபத்துக்கான சிவப்புப் பட்டன் வேறு விசயம். அதைப் புரோகிராம் வாசிக்கக் கூடாது, மோட்டர் சப்ளையையே நேரடியாக வெட்ட வேண்டும். புரோகிராம் தொங்கிவிட்டால் பிறகு யார் வாசிப்பது?

வேகத்துக்கு டிஜிட்டல் இன்புட் வேண்டவே வேண்டாம் என்றும் சொல்லவில்லை. ஒரே கம்பி, ஒரே கொயில், நாளுக்கு இருபது என்றால் நேற்று ஓடிய அதே வேகம் இன்றும் வர வேண்டும். குமிழால் அது வராது. இரண்டு சுவிட்ச் வைத்தால் நாலு நிலை, நாலு உச்சவேகம். மெல்லிய கம்பிக்கு ஒன்று, தடித்ததற்கு ஒன்று என்று வைத்து, குமிழ் அந்த உச்சத்துக்குள் மட்டும் வேலைசெய்யட்டும். சுற்று எண்ணிக்கையை வைக்க மட்டும், முட்டாமல் சுற்றிப் படிபடியாக எண்ணுகிற ரோட்டரி என்கோடர் ஒன்று.

வேகம் கூடினால் பலம் குறைவது புரோகிராமால் தீராது. மோட்டர் கொயிலுக்குள் கரண்ட் ஏற நேரம் வேண்டும். 2.8 மில்லிஹென்றி, 1.7 அம்பியர் என்று பரவலாகக் கிடைக்கிற நேமா 17ஐ எடுத்தால் 12 வோல்ட்டில் கரண்ட் முழுதாக ஏறக் குறைந்தது 0.4 மில்லிசெகண்ட், 24 வோல்ட்டில் பாதி. வேகம் கூடக் கூட அந்த நேரமும் கிடைக்காமல், மோட்டர் சுழலும்போது தானே எதிராக உண்டாக்குகிற பின்னெதிர்ப்பு வோல்ட்டும் சேர்ந்து மோட்டர் தளர்ந்துபோகும். ஏ4988 35 வோல்ட் வரை தாங்கும், 24 வோல்ட் சப்ளை ஒன்று போடும். கரண்டை டிரைவர்தான் கட்டுப்படுத்துகிறது, வோல்ட் கூடியதால் மோட்டர் எரியாது. ஆனால் அந்தக் கரண்டைச் சரியாக வைக்க வேண்டும். டிரைவர் போர்ட்டில் உள்ள குட்டித் தடை இரண்டிலும் ஆர்100 என்று இருந்தால் 1.2 அம்பியருக்குச் சின்னத் திருகில் 0.96 வோல்ட் வர வேண்டும், ஆர்050 என்றால் 0.48. ஹீட்சிங்கும் ஒரு சின்ன ஃபானும் இல்லாமல் 1.2 போக வேண்டாம், சித்திரை மாதத்துத் தகரக் கூரைக்குக் கீழே நிச்சயமாக வேண்டாம். சப்ளைக் காலில் 100 மைக்ரோஃபரட் கொண்டென்சர் கட்டாயம். கரண்ட் இருக்கும்போது மோட்டர் வயரைப் பிடுங்காதேயும், டிரைவர் அந்த இடத்திலேயே போய்விடும். நான் இப்படி மூன்று கொடுத்திருக்கிறேன்.

கடைசியாகச் சுற்றுக் கணக்கு. பல்ஸை எண்ணி 800ஆல் பிரிப்பது சரிதான், ஆனால் மோட்டர் தவறவிட்டால் ஆர்டுயினோவுக்குத் தெரியாது. ஃபோர்மர்த் தண்டில் ஒரு குட்டிக் காந்தமும் எதிரே காந்தத்தை உணர்கிற ஒரு ஹோல் சென்சரும் வைத்து இன்ரரப்ட் காலில் கொடும், சுற்றுக்கு ஒருதரம் இரண்டு கணக்கும் ஒத்துப்போகிறதா என்று பார்க்கட்டும். இலக்குக்கு வந்தவுடன் அப்படியே நிற்க முடியாது என்பதையும் மறக்க வேண்டாம். 4000 வேகத்திலிருந்து செகண்டுக்கு 2000 வீதம் இறங்க இரண்டு செகண்ட், அதற்குள் 4000 பல்ஸ், அதாவது 5 சுற்று ஓடிவிடும். ஆகவே 5 சுற்று மிச்சம் இருக்கும்போதே இறங்கத் தொடங்க வேண்டும்.

எல்லாம் பூட்டிய பிறகு கம்பி போடாமல் ஒரு சோதனை செய்யும். ஃபோர்மரின் விளிம்பில் ஒரு துண்டு வெள்ளை டேப் ஒட்டி, நேர் எதிரே சட்டத்தில் பேனையால் ஒரு கோடு போடும். 500 சுற்று என்று வைத்து, குமிழைக் கூட்டிக் குறைத்து, இடையில் பெடலை ஐந்தாறு தரம் விட்டு மிதித்து ஓட விடும். நிற்கும்போது டேப் கோட்டுக்கு நேரே இருந்தால் ஒரு ஸ்டெப்பும் போகவில்லை. ஸ்டெப்பர் தவறும்போது நாலு முழு ஸ்டெப்பாகத்தான் தவறும், 7.2 பாகை. ஒரே ஒரு தரம் வழுக்கியிருந்தாலும் டேப் விலகி நிற்பது கண்ணுக்கே தெரியும். விலகினால் முதலில் 5 மில்லிசெகண்டுக்கு ஒருதரம் கூட்டிக் கழிக்கிற அந்த 10ஐ 6 ஆக்கிப் பாரும், புரோகிராமில் வேறெதிலும் கை வைக்க முதல். இறங்கும் தூரமும் அதோடு கூடும், 6 போட்டால் எட்டரைச் சுற்றுக்கு முன்பே இறங்கத் தொடங்க வேண்டிவரும்.